கலக்கிக் கொடுத்தவள்

மூச்சு வந்தது, போனது, வந்தது, பிறகு இழுத்துக்கொண்டு அப்படியே நின்றது. பவளக்கொடியும் தன் மூச்சை நிறுத்திக்கொண்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மனசுக்குள் எண்ணி நாலைத் தொடுவதற்குள் மருதையின் தொண்டையிலிருந்து கொர்ரென்று ஒரு குறட்டை கிளம்பியது. அப்பாடா. பாழாய்ப்போன மனுசன், தூங்குவதைக்கூட நேராகத் தூங்கத் தெரியாது. கட்டிக்கொண்டு வந்த இருபத்திரண்டு வருசத்தில் இந்தக் குறட்டையை அவள் வையாத வசவு இல்லை, தலையணையை எடுத்து மூஞ்சியில் அமுக்கிவிடலாமா என்றுகூட எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது, இன்றைக்கோ அது நின்றுவிடக் கூடாதே என்று கதவோரம் சம்மணம் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டேகால். ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குள் ஒன்றரை ஏக்கர் பருத்திக்கும் பதினோரு டாங்க் மருந்தடித்து முடித்து வந்து, குளித்து, ரெண்டு வாய் சோறு தின்று படுத்தவர். நாலு மணிவரைக்கும் ஒன்றும் ஆகாவிட்டால் அப்புறம் ஒன்றும் ஆகாது என்று அவளாக ஒரு கெடு வைத்திருந்தாள். யார் சொன்ன கெடு? யாரும் சொல்லவில்லை. போன வருசம் இதே ஐப்பசியில், இதே காய் பிடிக்கிற பருவத்தில், பக்கத்துக் காட்டுக்காரன் செங்கமலை மருந்தடித்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து கையைக்கூடக் கழுவாமல் கஞ்சி குடித்தான், வீட்டுக்குப் போய் அசதியாக இருக்கிறது என்று படுத்தான், அவன் பொண்டாட்டியும் பாவம் மனுசன் தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். நாலு மணிக்குக் காபியை ஆற்றிக்கொண்டு போய் எழுப்பினால் வாயோரம் நுரை. 'தூங்குறாருன்னுதானே நெனச்சேன், தூங்குறாருன்னுதானே நெனச்சேன்' என்று அவள் அடித்துக்கொண்டு அழுதது ஊரே மறந்த பிறகும் பவளக்கொடியின் காதை விட்டுப் போகவில்லை. அவளும் இப்படித்தான் கதவோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாளாம், கைக்கெட்டும் தூரத்தில், புருசன் செத்துக்கொண்டிருப்பது தெரியாமல். இன்றைக்குக் கீரையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்று பவளக்கொடி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சாவுக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஜெசிந்தா பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டுச் சொன்னது. மருந்து உடம்பில் ஏறினால் உடம்பே ஆறு விதத்தில் காட்டிக்கொடுக்கும் என்றது, விரலை மடக்கி மடக்கி. ஆறில் மூணுதான் பவளக்கொடிக்குத் தங்கியது. கண் பாப்பா கடுகளவுக்குச் சுருங்கிப்போகும், மூச்சில் கரகரவென்று சளிச் சத்தம் வரும், வாயில் நுரை தள்ளும். மிச்சம் மூணு? என்னமோ சொன்னதே. அன்றைக்குப் பார்த்து சீலைக்குள் கட்டெறும்பு ஏறிக்கொண்டது, அதைத் தட்டிவிட்டு நிமிர்வதற்குள் நர்ஸம்மா கையை விரித்துவிட்டது. சரி, மூணு தெரிந்தால் போதாதா, கண்ணும் மூச்சும் வாயும் இதோ முன்னால்தானே கிடக்கிறது. ஆனாலும் அந்த மிச்ச மூணு செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. மற்றபடி நர்ஸம்மா சொன்னதில் ஒண்ணு பாக்கி வைக்கவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் சண்டை போட்டு வாங்கிய ஒரு ஜோடி கையுறை, மூக்குக்கு மாஸ்க், காலர்வரைக்கும் பித்தான் போட்ட முழுக்கைச் சட்டை, யூரியா மூட்டையின் உள்பையைக் கிழித்து முதுகில் மடித்துக் கட்டியது, காற்றுக்கு எதிரே போகாமல் காற்றோடு போகச் சொன்னது எல்லாம் ஆயிற்று. எண்ணெய்கூடத் தடவவில்லை. மருந்தடிக்கப் போகும் ஆம்பிளைக்கு உடம்பு முழுக்கத் தேங்காயெண்ணெய் தேய்த்து அனுப்பினால் மருந்து வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று இந்த ஊரில் எல்லா வீட்டிலும் தேய்ப்பதுதான், ஆனால் எண்ணெய்ப் பசையில்தான் விசம் நன்றாக ஒட்டி உள்ளே போகும், அதைத் தொடவே தொடாதீர்கள் என்று நர்ஸம்மா அடித்துச் சொன்னது. காலையில் பழக்கதோசத்தில் உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றிக்கொண்டு அவர் முதுகுப் பக்கம் போன பிறகுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. ஊற்றிய எண்ணெயைப் பாட்டிலில் திருப்பியா ஊற்ற முடியும், வீணாக்குவானேன் என்று தன் ரெண்டு கையிலும் இடுப்பிலும் தேய்த்துக்கொண்டு கிளம்பினாள். டாங்கை முதுகிலிருந்து இறக்கி நிரப்பி மறுபடி ஏற்றினால் வெயில் வந்துவிடும் என்று இந்தப் பக்கம் யாரும் இறக்குவதில்லை. வாளித் தண்ணீரில் மூடியால் மருந்தை அளந்து ஊற்றிக் கலக்கி, குடத்துக்கு மாற்றி, குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு சால் சாலாகத் தாண்டிப் போய், அவர் குனிந்து நிற்க நிற்க முதுகு டாங்கில் சாய்க்க வேண்டும். டாங்குக்கு ஒரு குடம் ஒரு சொம்பு. பதினோரு டாங்குக்கும் ஒரு சொட்டு அவர் பிடரியில் விழ விடவில்லை அவள், குடத்து வாயைத் தன் பக்கமாகவே சரித்துப் பிடித்துக்கொண்டாள், தளும்பியதெல்லாம் தன் இடுப்பிலும் தொடையிலும்தான் தளும்பியது. வந்ததும் அவரைப் பின்கட்டில் உட்காரவைத்து மூணு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, நகக்கண்ணையெல்லாம் தேய்த்து, போட்டிருந்த சட்டையையும் கைலியையும் வாசல் கல்லில் தனியாகத் துவைத்துக் கொடியில் போட்டு, அப்புறம்தான் சோற்றில் கைவைக்க விட்டாள். இவளும் குளிக்கத்தான் வேண்டும். குளிக்கலாம், நாலு மணிக்கு அப்புறம். இப்போது குளிக்கப் போய், அந்த அரைமணி நேரத்தில் இங்கே மூச்சு நின்றுவிட்டால் செங்கமலை பொண்டாட்டிக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்?

வெளிச்சம் மங்கியது. மேகம் போடுதா? ஐயோ, பெருமாளே, இன்றைக்கு வேண்டாம். அடித்த மருந்து இலையில் காய்வதற்கு முன்னால் மழை பெய்தால் அத்தனையும் கழுவிக்கொண்டு மண்ணுக்குப் போய்விடும், புழு சிரிக்கும், மறுபடி எட்டு நாளில் மருந்தடிக்கணும், மறுபடி இதே மாதிரி இவரைக் கிடத்திவைத்து மூச்சு எண்ணணும். இன்னொரு தரம் இதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். எதிர்ச் சோளக்காடு சாம்பல் பூத்துத் தெரிந்தது, தார்ரோட்டின் விளிம்பு எங்கே முடிந்து மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிடிபடவில்லை. காலையில் பளிச்சென்றுதானே இருந்தது வானம். இந்த ஐப்பசி மாசமே இப்படித்தான், நம்ப முடியாது, காயும் என்று நெல்லைக் கொட்டினால் பெய்யும். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி அவர் பக்கம் திரும்பினாள். மூச்சு வந்தது, போனது. வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினாள். மறுபடி ஊறியது. அவருக்குச் சோறு வைத்தபோது தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய் வைத்தாளே, அந்த வாசனைதான். இவள் இன்னும் சாப்பிடவில்லை, பசி. ஆனால் சோறு என்று நினைத்ததும் குமட்டியது. விழுங்கினாள். வாய் நிறைந்தது. இது என்னடா கூத்து, மகள் எழிலரசியை உண்டானபோது இப்படித்தான் மூணு மாசம் எச்சில் துப்பித் துப்பித் திரிந்தாள். நினைத்ததும் திக்கென்றது. அடிப்பாவி, இந்த வயசிலா? போன மாசம் எப்போது தலைக்கு ஊற்றினாள்? சதுர்த்திக்கு முன்னாலா பின்னாலா? காலேஜ் படிக்கிற பெண் திருச்சி ஹாஸ்டலில் இருக்கிறாள், தீபாவளிக்கு வந்து, 'ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா?' என்று கேட்டால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது. சனியன், என்ன நினைப்பு இது. புருசன் உயிரோடு எழுந்திரிப்பானா என்று உட்கார்ந்திருக்கிற நேரத்தில் புத்தி போகிற போக்கைப் பார். வாசலில் எட்டித் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எழுந்து உட்கார்ந்ததற்கே நெற்றியில் வேர்த்து வடிந்தது. மேகம் போட்டால் புழுக்கம் வரத்தான் செய்யும்.

குறட்டை நின்றுவிட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சு. அவள் தவழ்ந்து போய் அவர் நெஞ்சில் கை வைத்தாள். ஏறி இறங்கியது, ஆனால் அது தன் கை நடுங்குவதா நெஞ்சு ஏறுவதா என்று தெரியவில்லை. கண்ணைப் பார்க்க வேண்டும். கண்தான் பொய் சொல்லாது என்று நர்ஸம்மா சொன்னது. குனிந்து, கட்டைவிரலால் அவர் இமையை மெல்லத் தூக்கினாள். வெள்ளை தெரிந்தது, கறுப்பு தெரிந்தது, நடுப்பொட்டு எது சுற்று எது என்று ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் கிட்டே போனாள். கிட்டே போகப் போகக் கலங்கியது. அந்தக் கண் திடீரென்று திரும்பி அவளைப் பார்த்தது.

"ஏண்டி, மனுசனத் தூங்க உடுறியா இல்லையா? கண்ணுல என்ன படமா ஓடுது?"

"கண் பாப்பா சுருங்கியிருக்கான்னு பாத்தேங்க."

"சுருங்கியிருக்கா?"

"தெரியலீங்க. இருட்டாக் கெடக்கு. வெளிய மேகம் போட்டிருச்சு."

"நல்லாத்தான் இருக்கேன், போ. நாலு நாளா தூக்கமில்ல எனக்கு. பேசாம நீயும் செத்த படு."

அவர் சுவர்ப்பக்கம் புரண்டுகொண்டார். 'செத்த படு', கொஞ்ச நேரம் படு, என்று யாரும் சொல்வதுதான், இருந்தும் அந்த வார்த்தை இன்றைக்கு இந்த வீட்டில் வர வேண்டுமா? அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய் பேசுகிறதே, வைகிறதே, அது நல்லதுதானே? செங்கமலையும் படுக்கும்போது பேசிக்கொண்டுதான் படுத்தான். என்ன பேசினான்? கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கணும் என்றானாம். தாழ்ப்பாள். ஒரு மனுசன் கடைசியாகப் பேசுகிற பேச்சு தாழ்ப்பாளைப் பற்றி இருக்கும் என்று யாருக்குத் தெரியும். இவர் கடைசியாகப் பேசியது 'செத்த படு'. கடைசி இல்லை, கடைசி இல்லை, ஏன் கடைசி என்று நினைக்கிறாள், நல்ல வார்த்தையே வராதா இந்த மனசுக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததில் வாயும் தெரியவில்லை மூக்கும் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. முதுகைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது. எழுப்பித் திருப்பிப் போடலாமா? அடிக்க வருவார். வரட்டுமே, அடிக்க எழுந்தால் உயிரோடு இருக்கிறார் என்றுதானே அர்த்தம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகியது. முந்தானையால் துடைத்தாள். முந்தானையிலும் மருந்து வாடை அடித்தது. பூண்டு அழுகினால் வரும் வாடை. வீடு பூராவும் இதே வாடையாகத்தான் இருக்கிறது, மூணு தரம் சோப்புப் போட்டும் இவர் உடம்பைவிட்டுப் போகவில்லை பாரேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

"அண்ணி!" என்று வாசலில் குரல் கேட்டது. மருதையின் சித்தப்பா மகன் கொளஞ்சி. ஸ்பிரேயர் கேட்டு வந்திருக்கிறான், அவனுக்கும் முக்கால் ஏக்கர் பருத்தி, அவனுக்கும் அதே புழு.

"சத்தம் போடாதப்பா, உங்கண்ணன் தூங்குறாரு."

"என்ன அண்ணி இது, கண்ணு ரெண்டும் ஊத்துது. அண்ணன் அடிச்சுட்டாரா?"

"அடிக்கிற மூஞ்சியப் பாரு. தூசி வுழுந்திருச்சு."

"ரெண்டு கண்ணுலயுமா?" என்று சிரித்தபடி அவன் மூலையில் இருந்த ஸ்பிரேயரைத் தூக்கித் தோளில் மாட்டினான். அவள் முகத்தைத் துடைத்துவிட்டுத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவனிடம் ஒப்பித்தாள். கையுறை இதோ இருக்கு போட்டுக்க, மாஸ்க் இல்லாம எறங்காத, காத்துக்கு எதிர்ல போகாத, எண்ணெய் கிண்ணெய் தடவித் தொலையாத, பீடி பத்தவைக்காத, குளிக்காம சோத்துல கை வைக்காத. கொளஞ்சி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். இந்த வெயில்ல அடிக்கக் கூடாதே, சாயங்காலம் அடியேன் என்று சொல்ல வந்து, மேகம்தான் போட்டிருக்கிறதே என்று விட்டாள். "கலக்கிக் குடுக்க ஆளு இருக்காப்பா?" என்று கேட்டாள். "தேன்மொழி நிக்கிறா அண்ணி காட்டுல, அவ கலக்கிருவா" என்று அவன் சொல்ல, அப்ப சரி என்றாள். ஆள் இருந்தால் சரிதான், ஒருத்தனே கலக்கி ஒருத்தனே ஊற்றி ஒருத்தனே அடித்தால் ஆகாது. அவன் போகும்போது, "என்னா வெயிலு காயுது பாருங்க, நெத்தியப் பொளக்குது" என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினான். காயுதா? எது காயுது? மேகம் போட்டிருக்கும்போது காயுது என்கிறானே, காலையிலேயே தண்ணி போட்டுவிட்டானா பயல், என்று நினைத்தபடி அவள் வாசற்படியில் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றில் யாரோ துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி ஒரு வலி. நேற்று மீந்த புளிக்குழம்பை விடியற்காலையில் பழைய சோற்றில் ஊற்றித் தின்றது, அதன் வேலை. கொல்லைக்குப் போகணும். போனால் இவர் மூச்சை யார் பார்ப்பது. அடக்கிக்கொண்டாள்.

அப்படி அடக்கிக்கொண்டு நின்றபோதுதான் தரையைப் பார்த்தாள். கொடியில் அவர் சட்டை தொங்கியது, அதன் நிழல் வாசல் மண்ணில் விழுந்து கிடந்தது. கை ரெண்டையும் விரித்துக்கொண்டு, கன்னங்கரேலென்று. மேகம் போட்டிருந்தால் நிழல் எப்படி விழும்? மனசு அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. மேகம் போட்டிருக்கு. நிழல் விழுந்திருக்கு. மேகம் போட்டால் நிழல் விழாது. அப்படியென்றால் மேகம் போடவில்லை. மேகம் போடவில்லை என்றால் ஏன் இருட்டாக இருக்கிறது? வெறுங்காலை நிழலைவிட்டு வெளியே வைத்தாள், மண் சுட்டது. அண்ணாந்து பார்த்தாள், சூரியன் நின்ற இடத்தில் ஒரு மங்கல் வட்டம், கண் கூசவே இல்லை. அப்போது இடது கண் இமை தானாகத் துடித்தது, கன்னத்துச் சதை துடித்தது, தொடையில் ஒரு இடம் மீன் குஞ்சு உள்ளே புகுந்தது மாதிரி துள்ளித் துள்ளி அடங்கியது. சதை துடிக்கும். நர்ஸம்மாவின் மடக்கிய விரல் ஒன்று நிமிர்ந்தது. சதை துடிக்கும், வயிற்றைப் பிசையும், கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் தண்ணியா ஊத்தும். ஆறும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எறும்பைத் தட்டிவிட்ட நேரத்தில் தவறிப்போன மூணும் வரிசையாக வந்து அவளுக்குள்ளேயே நின்றன.

இல்லை, இருக்காது. மருந்தடிக்கிறவனுக்குத்தானே ஏறும், இவள் எங்கே அடித்தாள்? அன்றைக்குக் கூட்டத்திலேயே, மருந்து புழங்குறவங்க கையத் தூக்குங்க என்று நர்ஸம்மா கேட்டபோது ஆம்பிளைகள்தான் தூக்கினார்கள். பின்வரிசையில் இருந்த பொம்பிளைகளில் ஒருத்திகூடத் தூக்கவில்லை. பவளக்கொடியின் கை மட்டும் பாதி எழும்பி, பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்ததும், கொண்டையைச் சரிசெய்கிற சாக்கில் கீழே இறங்கிவிட்டது. நாம் என்ன அடிக்கிறோமா, கலக்கித்தானே கொடுக்கிறோம். கலக்கித்தானே. தண்ணீர் சேராத மருந்து, அந்தப் பச்சை மருந்து யார் கையில் இருந்தது? மூடியில் அளந்து ஊற்றியது எந்தக் கை? குச்சி அகப்படாமல் வாளிக்குள் முழங்கைவரை விட்டுக் கலக்கியது எந்தக் கை? பதினோரு டாங்குக்கும். கையுறை ஒரு ஜோடிதான், அதை அவர் மாட்டிக்கொள்ள, இவள் கை எண்ணெய்க் கையாக, காலையில் தேய்த்த எண்ணெய் மினுமினுக்க. அவளுக்கு இப்போதுதான் பயம் வந்தது. இவ்வளவு நேரம் பயந்தது பயமே இல்லை. இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சீலை இன்னும் பிசுபிசுவென்று தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஏழு மணியிலிருந்து. அஞ்சரை மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது உடம்பு, இடுப்பு வழியாக, தொடை வழியாக, சத்தமே போடாமல், இவள் அங்கே ஒருத்தர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த நேரமெல்லாம். அங்கே தேன்மொழி இந்நேரம் வாளிக்குள் கையை விட்டிருப்பாள். சின்னப் பெண், போன வருசம்தான் கொளஞ்சி கட்டிக்கொண்டு வந்தவள். 'அப்ப சரி' என்று இந்த வாயாலேயே சொல்லி அனுப்பினாளே. அவரை எழுப்பணும். நாலு நாளாகத் தூங்காத மனுசன். எழுப்பி என்ன சொல்வது, எனக்கு ஏறிருச்சுங்க என்றா? வெட்கமாக இருந்தது. இத்தனை நேரம் அவரைப் படுத்தியதும், கண்ணை நோண்டியதும், கடைசியில் எனக்குத்தான் என்றால் நடிப்பு என்பார். இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், தானாகத் தெளியுமோ என்னமோ. செங்கமலையும் அப்படித்தான், கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும் என்றான். படுக்கக் கூடாது. உட்காரக்கூடக் கூடாது. கால் ரெண்டும் வாழைத்தண்டாகத் துவண்டன. எனக்கு நாப்பத்தோரு வயசுதான் ஆவுது, பெருமாளே, எனக்குச் சாவு வேண்டாம்.

முதலில் துணியைக் கழற்று, அப்புறம் சோப்பு, அப்புறம் ஆஸ்பத்திரி. நர்ஸம்மா அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. பின்கட்டு மறைப்புக்கு இருபது அடி இருக்கும், வீட்டைச் சுற்றிக்கொண்டு போகணும். நாலடி வைத்தாள், சுவர் நழுவியது, முழங்கால் மண்ணில் குத்தியது. கையெட்டும் தூரத்தில் துவைகல், கல்மேல் சோப்பு, பக்கத்தில் குடிதண்ணீர் பிடித்துவைத்த நீல டிரம். முன்னால் வேலி கிடையாது, மறைப்பு கிடையாது, பத்தடியில் தார்ரோடு, அந்தண்டை சோளக்காட்டில் களை எடுக்கிற ஆட்கள், பட்டப்பகல். கல்யாணமான நாளிலிருந்து ஈரத் தலையோடுகூட அவள் இந்த வாசலில் நின்றதில்லை. இங்கேயா? எல்லாரும் பார்க்கவா? பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று மனசு ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருக்க, கை முந்தானையை இழுத்துவிட்டது. சீலையைச் சுற்றுச் சுற்றாக உருவி எறிந்தாள். ரவிக்கைக் கொக்கிகள் விரலுக்கு அகப்படவில்லை, பிடித்துக் கிழித்தாள். பாவாடை முடிச்சு இறுகிக் கிடந்தது, அதையும் எப்படியோ அறுத்தாள். டிரம்மில் சொம்பை விட்டு மொண்டு மொண்டு இடுப்பில் ஊற்றினாள், சோப்பை எடுத்துத் தோல் எரிய எரியத் தேய்த்தாள், ஊற்றினாள், தேய்த்தாள். "ஏங்க" என்றாள். எச்சிலில் வார்த்தை கொழகொழத்தது. துப்பினாள். "ஏங்க! ஏங்க, எந்திரிங்க! ஏங்க!" அவள் தொண்டையில் இப்படி ஒரு சத்தம் இருப்பது அவளுக்கே தெரியாது. சோளக்காட்டில் நாலு தலை நிமிர்ந்தது.

மருதை கைலியைப் பிடித்தபடி தூக்கம் கலையாத கண்ணோடு வெளியே ஓடி வந்தார். "அடியே, என்னடி கோலம் இது! பைத்தியம் புடிச்சிருச்சா? ரோட்டுல ஆளு போவுது, உள்ள வாடி!" என்று பாய்ந்து, மண்ணில் கிடந்த சீலையை அவள்மேல் போர்த்தக் குனிந்தார்.

"அதத் தொடாதீங்க!"

அந்தக் கத்தலில் அவர் கை பாதியில் நின்றது. சீலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் கண்ணைப் பார்த்தார். குனிந்து கிட்டே பார்த்தார். அவர் முகம் மாறியது.

"பவளம். ஏ பவளம். உன் கண்ணு என்னடி இப்படி..."

"கலக்குனது நாந்தானங்க" என்றாள். "மருந்து பாட்டிலயும் எடுத்துக்கங்க, டாக்டரு கேப்பாங்க. கொளஞ்சிக்குப் போன் போட்டு அந்தப் புள்ளயக் கைய எடுக்கச் சொல்லுங்க."

திருப்பத்தில் ஆரன் சத்தம் கேட்டது. டவுன் பஸ். சன்னல் சன்னலாக ஆட்கள். மருதைக்கு என்ன செய்வது என்று புரியவில்லை. ஓடிப்போய் வேறு துணி எடுக்கவும் தோன்றாமல், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரெண்டு கையையும் அகல விரித்து அவளை மறைத்தபடி நின்றார். அழுதுகொண்டிருந்தார். பவளக்கொடி சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரக் கையால் அவரை ரோட்டுப் பக்கம் தள்ளினாள்.

"மறைக்காதீங்க" என்றாள். "ஓடுங்க. போயி பஸ்ஸ நிறுத்துங்க."